வெளிநாட்டில் சூழலியல் எம்.எஸ்சி.: ரேங்க் பார்க்காதீர்கள், காலண்டர் பாருங்கள்

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயரும் தேதியும்.)

வெள்ளாறு, 6 அக்டோபர் 2024

பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு. சிஜிபிஏ 7.8. சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு இரண்டும் சேர்ந்த எம்.எஸ்சி.யை ஐரோப்பாவில் படிக்க ஆசை. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அது, இல்லையென்றால் ஜெர்மனி. ஆய்வேட்டுக்கு ஊர் திரும்பி ஆனைமலையில் கேமரா டிராப் (விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா) வைத்து வேலை செய்யலாம் என்று திட்டம். உலக ரேங்கில் முதல் நூறுக்குள் வரும் பல்கலைக்கழகம் எது நல்லது? அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை, 6 அக்டோபர் 2024, இரவு

தம்பி, ரேங்கை மூடி வையுங்கள். அது மருத்துவம், இயற்பியல், நிர்வாகவியல் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கிய எண். உங்கள் பாடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பார்க்க வேண்டியது மாட்யூல் கையேடு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அதை பிடிஎஃப் ஆகவே தளத்தில் வைத்திருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை ஈசிடிஎஸ் (பாடச் சுமையை அளக்கும் ஐரோப்பிய கிரெடிட்), தேர்வு எப்படி, களப்பயிற்சி எத்தனை நாள், எந்த செமஸ்டர் என்று எல்லாம் இருக்கும். இரண்டாண்டு எம்.எஸ்சி. என்றால் மொத்தம் 120 ஈசிடிஎஸ். ஒரு ஈசிடிஎஸ் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆய்வேடு பெரும்பாலும் 30, அதாவது 750 முதல் 900 மணி நேரம். படிப்பில் கால்வாசி அந்த ஒரு வேலைதான். பிற்பாடு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும்போது எடுத்துக் காட்டப் போவதும் அதைத்தான்.

ஆகவே முதல் கேள்வி: ஆய்வேடு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது?

கண்மாய்க்கரை, 7 அக்டோபர் 2024

நேற்று விட்டதைத் தொடர்கிறேன். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. நான்காம் செமஸ்டரில் ஆய்வேடு என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர். அங்கே பூ பூப்பதும் பறவை கூடு கட்டுவதும் அப்போதுதான் என்பதால் ஐரோப்பியக் களத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அதே ஏப்ரல் முதல் செப்டம்பர் என்ன? இரண்டு மாதம் கோடை, ஜூனில் தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கம் ஜூலையில் புள்ளிக் கணக்கெடுப்புக்கு (ஓரிடத்தில் நின்று பறவை எண்ணுவது) போனால் அட்டைக்கு ரத்ததானம் செய்துவிட்டுத் திரும்பலாம். மழையில் பறவைக் குரல் கேட்காது, கேமராவின் லென்ஸில் ஆவி படியும், ஈரம் உள்ளே இறங்கினால் சென்சார் போகும்.

எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகள் பல செப்டம்பரில் தொடங்கும். அவற்றில் கடைசி செமஸ்டர் ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஜூலை. தமிழ்நாட்டின் வறண்ட மாதங்களோடு இது ஓரளவு ஒத்துப்போகும். நீர்நிலைக் கேமரா, கடலாமை முட்டையிடும் பருவத்தின் பிற்பாதி, கோடை நீர்மட்டம் எல்லாம் கிடைக்கும். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளைத்தான் ஆராய்வேன் என்றால் இது உதவாது. அக்டோபரில் வரத்தொடங்கி, நீங்கள் விமானம் ஏறும் வேளையில் அவை கிளம்பிக்கொண்டிருக்கும்.

ஈரநிலம், 7 அக்டோபர் 2024

எராஸ்மஸில் வருஷத்துக்கு மூன்று படிப்புக்கு மட்டும்தான் போட முடியும், பார்த்துப் போடு தம்பி.

கண்மாய்க்கரை, 7 அக்டோபர் 2024

அக்கா, அது பழைய விதி. 2021-இல் தொடங்கிய சுற்றில் அந்த வரம்பு இல்லை. எத்தனை படிப்புக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப்பை ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி கிடையாது. விண்ணப்பம் பிரஸ்ஸல்ஸுக்குப் போவதில்லை, படிப்பை நடத்தும் அந்தந்தப் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு நேராகப் போகும். கடைசித் தேதி பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள். தேதி ஒவ்வொன்றுக்கும் வேறு.

உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணம் கிடையாது. விமானம், விசா, வீட்டு அட்வான்ஸ் எல்லாம் அந்த 1,400-க்குள்தான். முன்பு பயணத்துக்குத் தனியாக ஒரு தொகை உண்டு, இப்போது இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வரம்பு இல்லை என்பதற்காகப் பத்துக்குப் போடாதீர்கள். மோட்டிவேஷன் லெட்டரை உண்மையாக உழைத்து எழுதினால் நான்கைந்துக்கு மேல் யாராலும் முடியாது.

கண்மாய்க்கரை, 9 அக்டோபர் 2024

சில பெயர்கள் கேட்டிருந்தீர்கள். எராஸ்மஸ் முண்டுஸில் நம் துறைக்கு அருகில் உள்ளவை: பயன்பாட்டுச் சூழலியலுக்கு ஐஎம்ஏஇ, பிரான்சின் புவாத்தியே பல்கலைக்கழகம் ஒருங்கிணைப்பது. வெப்பமண்டலப் பல்லுயிருக்கு டிராபிமுண்டோ, பிரஸ்ஸல்ஸின் யூஎல்பி. கடல் உயிர் வளத்துக்கு ஐஎம்பிஆர்சீ, பெல்ஜியத்தின் கெண்ட். மத்தியதரைக் காடுகளுக்கு மெட்ஃபார், லிஸ்பன். அலையாத்திக் காடு, பவளப்பாறை என்று மனசு போனால் நடுவில் உள்ள இரண்டையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படிப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சில ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும் நிதி ஒதுக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி போட்டியிட்டு வாங்க வேண்டும். படிப்பு இருக்கும், தளம் இருக்கும், அந்த ஆண்டு ஸ்காலர்ஷிப் மட்டும் இருக்காது. ஆகவே எராஸ்மஸ் முண்டுஸ் பட்டியலில் அந்த ஆண்டு அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

எராஸ்மஸ் இல்லாமல் நேரடியாக: கோட்டிங்கனில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு (நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது), பைராய்ட்டில் உலக மாற்றச் சூழலியல், எபர்ஸ்வால்டேயில் உயிர்க்கோளக் காப்பக மேலாண்மை, நெதர்லாந்தின் வாகனிங்கனில் காடும் இயற்கைப் பாதுகாப்பும். வாகனிங்கனில் நம்மவர்களுக்குக் கட்டணம் அதிகம், ஸ்காலர்ஷிப் இல்லாமல் போகாதீர்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஃப்ரைபுர்க், ஹோஹன்ஹைம் இரண்டும் அங்கேதான்.

வெள்ளாறு, 10 அக்டோபர் 2024

என் 7.8-க்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு வரும் அண்ணா? விசாவுக்காக வங்கியில் முன்பே போட்டு வைக்கும் ப்ளாக்டு அக்கவுண்ட் 11,208 யூரோ என்று ஏஜென்சியில் சொன்னார்கள்.

கண்மாய்க்கரை, 10 அக்டோபர் 2024

11,208 பழைய தொகை. 2024 செப்டம்பர் முதல் 11,904, மாதத்துக்கு 992. அந்த ஏஜென்சி சுவரில் போன வருஷக் காலண்டர் தொங்கும் போலிருக்கிறது.

மதிப்பெண்ணுக்கு பவேரிய வாய்ப்பாடு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அங்கே 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு.

உங்கள் கணக்கு: 10-இலிருந்து 7.8 போக 2.2. தேர்ச்சி 4 என்றால் 2.2-ஐ 6-ஆல் வகுத்து மூன்று மடங்கு 1.1, ஒன்று கூட்ட 2.1. தேர்ச்சி 5 என்று எடுத்துக்கொண்டால் 2.32. பல படிப்புகள் 2.5 வரைதான் ஏற்கும், ஆகவே 7.8-க்குப் பிரச்சினை இல்லை. 68 சதவீதம் வாங்கியவருக்கு நிலைமை வேறு. தேர்ச்சி 40 என்றால் 2.6, 50 என்றால் 2.92. தேர்ச்சி மதிப்பெண் மதிப்பெண் பட்டியலிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக் கணக்கிடுவார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குப் பெரும்பாலும் 40, முதுகலைக்கு 50.

நம் பட்டத்தைச் சரிபார்த்து ஜெர்மனி தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குக் கட்டாயம். விசா நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே கேட்கின்றன. மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில இடங்கள் ஏற்கும், சில ஏற்காது. அதை ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை, 19 அக்டோபர் 2024

மோட்டிவேஷன் லெட்டர். "சின்ன வயதிலிருந்தே எனக்கு இயற்கை என்றால் உயிர்" என்று தொடங்கும் கடிதங்களை அடுக்கினால் ஆனைமுடியை எட்டும். அந்த வரியைத் தூக்குங்கள்.

ஒரு பக்கம், நான்கு பத்தி போதும். முதலில் உங்களுக்கு விடை தெரிய வேண்டிய ஒரு கேள்வி, அறிவியல் கேள்வியாக. அடுத்து அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள்: எந்த முறை, எத்தனை இடம், எந்த மென்பொருள். மூன்றாவது பத்தியில் உங்களுக்கு இல்லாத திறன் எது, அது அந்தப் படிப்பின் எந்த மாட்யூலில் இருக்கிறது. கடைசியில் எந்த ஆய்வுக் குழுவோடு ஆய்வேடு, ஏன். மூன்றாவது பத்திதான் தேர்வுக் குழுவின் கண்ணில் நிற்கும், ஏனென்றால் மாட்யூல் கையேட்டைப் படித்தவர் மட்டுமே அதை எழுத முடியும்.

களத்தைத் தொட்டதே இல்லை என்று தயங்க வேண்டாம். பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஒழுங்காகப் போட்ட முழுமைப் பட்டியல்கள், எல்லா உயிரினங்களுக்குமான ஐநேச்சுரலிஸ்ட் தளப் பதிவுகள், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு எல்லாமே சான்றுதான். இணைப்பைக் கொடுத்தால் திறந்து பார்ப்பார்கள். ஒரே குளத்தில் வாரம் ஒருமுறை ஓராண்டு எடுத்த பட்டியலுக்கு, பத்து சரணாலயச் சுற்றுலாவைவிட மதிப்பு அதிகம். அதில் மாறிலி (மாறாமல் வைத்த இடம்) ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்மாய்க்கரை, 2 நவம்பர் 2024

ஆனைமலைக் கேமராவுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம் இதற்கு நல்ல பதில் இல்லை.

சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் ஆய்வுக்கு நுழைய 1972 வனவிலங்குச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கைப் பிடித்து அளக்க, ரத்தம் எடுக்க அதற்கு மேலும் தனி அனுமதி. இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கும் வேலை. கையில் இருப்பதோ ஆறு மாத ஆய்வேடு, அதில் எழுத இரண்டு மாதம் போய்விடும். போதாக்குறைக்கு உங்கள் பிப்ரவரி முதல் ஜூலை செமஸ்டரில், மழை வரும்வரை காட்டுத் தீயின் காலம். 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு அந்த மாதங்களில் காட்டுக்குள் ஆள் விடுவதில் கறார் கூடிவிட்டது.

கூடவே உயிரியல் பன்மைச் சட்டம், 2002. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ இந்திய உயிர்வளத்தை ஆய்வுக்கு எடுக்க, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் இந்தியர்தான். ஆனால் மாதிரியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் உங்களுக்கும் அனுமதி கேட்கும். இலை, இறகு, எச்சம், மண் எல்லாம் இதில் வரும். மண்ணை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் விடவே மாட்டார்கள். பையில் ஜிப்லாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கும் ஆள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் உண்டு. அந்த மாதிரி விமான நிலையத்தைத் தாண்டினாலும் கட்டுரையாகாது. அனுமதி எண் கேட்காமல் நல்ல இதழ்கள் வெளியிடுவதில்லை.

செய்யக்கூடியவை மூன்று. ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் இந்திய நிறுவனத்தின் திட்டத்துக்குள் உங்கள் கேள்வியைப் பொருத்துவது ஒன்று, இதற்கு முதல் செமஸ்டரிலேயே அவர்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும். காப்பகத்துக்கு வெளியே வேலை செய்வது இன்னொன்று: கண்மாய், தேயிலை, காபித் தோட்டம், கடற்கரை. தோட்டத்துக்கு உரிமையாளரின் எழுத்து அனுமதி போதும், காப்புக்காடு என்றால் வனத்துறை. மூன்றாவது, களத்துக்கே போகாமல் இருக்கும் தரவை எடுத்து வேலை செய்வது. இபேர்ட், உலக உயிரினப் பதிவுகளின் தரவுத்தளமான ஜிபிஐஎஃப், செயற்கைக்கோள் படங்கள். இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையே இபேர்ட் தரவில் எழுந்ததுதான். இதைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஈரநிலம், 3 நவம்பர் 2024

மக்களிடம் நேர்காணல் எடுக்கும் ஆய்வு என்றால் அனுமதித் தொல்லை இல்லையே?

கண்மாய்க்கரை, 3 நவம்பர் 2024

வனத்துறைத் தொல்லை குறையும் அக்கா, பல்கலைக்கழகத் தொல்லை கூடும். நெறிமுறைக் குழு ஒப்புதல், பேட்டி தருபவருக்குத் தமிழில் சம்மதப் படிவம், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் விதிப்படி பெயர், குரல் பதிவு எங்கே சேமிப்பு, எப்போது அழிப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த விடமாட்டார்கள். யானை மனித மோதல் பற்றிக் கேட்டால் நஷ்டஈட்டுத் தொகை வரும், மின்வேலி வரும். அதில் சட்டச் சிக்கல் உள்ள பதில்களை எப்படிக் காப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கண்மாய்க்கரை, 24 நவம்பர் 2024

கேள்வி அருமையாக இருந்தும் ஆய்வேடு ஏன் கவிழ்கிறது? பெரும்பாலும், மாதிரி எடுக்கும் திட்டத்தில்தான்.

உதாரணம்: இயற்கை முறைக் காபித் தோட்டத்தில் பறவை அதிகமா, ரசாயனத் தோட்டத்தில் அதிகமா? நான்கு தோட்டம், தோட்டத்துக்குப் பத்து புள்ளி, மொத்தம் நாற்பது. நாற்பது என்று நினைத்து புள்ளியியல் சோதனை போட்டால் விடை பளிச்சென்று வரும். ஆனால் இயற்கை முறை, ரசாயனம் என்ற வேறுபாடு புள்ளியின் மட்டத்தில் இல்லை, தோட்டத்தின் மட்டத்தில் இருக்கிறது. உங்கள் மாதிரி எண்ணிக்கை நான்குதான். இதுதான் போலிப் பிரதி. 1984-இல் ஹர்ல்பர்ட் எழுதிய கட்டுரையிலிருந்து எல்லாரும் படிக்கிறார்கள், அதற்குப் பிறகும் அதையே செய்கிறார்கள். பன்னிரண்டு தோட்டம், தோட்டத்துக்கு மூன்று புள்ளி என்று மாற்றினால் மொத்தம் முப்பத்தாறுதான், நடையும் ஜீப் செலவும் கூடும், ஆனால் விடை நிற்கும். மாடலில் தோட்டத்தை ராண்டம் விளைவாக (ஒரே தோட்டத்துப் புள்ளிகள் ஒன்றுபோல் இருப்பதைக் கணக்கில் எடுக்கும் உறுப்பு) போடுங்கள்.

புள்ளிகளுக்கு இடையே 250 மீட்டர், பத்து நிமிடம், விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. ஒரே புள்ளிக்கு மூன்று நான்கு முறை போனால்தான் கண்டறியும் வாய்ப்பைத் தனியாகக் கணக்கிட முடியும். அடர்ந்த நிழலில் பறவை குறைவா, கண்ணில் படுவது குறைவா என்பதை ஒருமுறை போன தரவு சொல்லாது. டிஸ்டன்ஸ் சாம்பிளிங் (பறவை இருக்கும் தூரத்தை அளந்து அடர்த்தியைக் கணிப்பது) என்றால் நேர்கோட்டில் இனத்துக்குக் குறைந்தது 60 முதல் 80 பதிவு, புள்ளியில் இன்னும் கூட. இருவாச்சிக்கு அது ஆறு மாதத்தில் கிடைக்காது. குக்குறுவானுக்குக் கிடைக்கும்.

எண்ணிக்கைத் தரவுக்கு முதலில் பாய்சான் மாடல், சிதறல் அதிகமென்றால் நெகட்டிவ் பைனாமியல் மாடல். ஆர் மென்பொருளில் தர்மா தொகுப்பை ஓட்டி, மாடலின் கணிப்புக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பாருங்கள். சுழியம் நிறைய இருந்தால் உடனே சுழியங்களைத் தனியாகக் கையாளும் ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடல் என்று தாவ வேண்டாம், விடுபட்ட மாறி ஒன்று இருக்கும், பெரும்பாலும் இடத்தின் உயரம்.

கண்மாய்க்கரை, 25 நவம்பர் 2024

ஜிபிஎஸ் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில் தமிழ்நாடு இரண்டு மண்டலத்தில் கிடக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. கோவை, நீலகிரி 43. சென்னை, மதுரை 44. அந்தக் கோடு திண்டுக்கல் பக்கம் சிறுமலையைத் தொட்டுப் போகிறது. 43-இல் எடுத்த ஆயத்தொலைவை 44 என்று க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏற்றினால் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, சிறுமலைப் புள்ளிகள் எல்லாம் வங்காள விரிகுடாவில் மிதக்கும். ஐரோப்பிய கைடு அதைக் கண்டுபிடிக்க மாட்டார், அவருக்கு சிறுமலை எங்கே என்று தெரியாது. களத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையை டபிள்யூஜிஎஸ்84 டெசிமல் டிகிரியில் பதிவு செய்யுங்கள், அலசும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வெள்ளாறு, 8 டிசம்பர் 2024

படிக்கப் படிக்க, இங்கேயே படிக்கலாமோ என்று தோன்றுகிறது.

கண்மாய்க்கரை, 8 டிசம்பர் 2024

தோன்றட்டும், நல்லதுதான். இந்தியக் காட்டு விலங்குக் களவேலைதான் வாழ்க்கை என்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் எம்.எஸ்சி.யும் பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நடத்தும் எம்.எஸ்சி.யும் எந்த ஐரோப்பியப் படிப்புக்கும் குறைந்தவை அல்ல. என்சிபிஎஸ்ஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. களமும் அனுமதியும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் கிடைப்பது வேறு. புள்ளியியல் பயிற்சி, பெரிய தரவு, கொள்கை வகுப்பு, பத்து நாட்டு வகுப்புத் தோழர்கள். ஐரோப்பாவின் பாதுகாப்புப் பகுதிகளான நேச்சுரா 2000 வலையமைப்பு, அதற்கான 1992 வாழிடச் சட்டம் இவற்றைப் படிப்பதால் மேகமலைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். தனியார் நிலத்தில், மக்கள் வாழும் இடத்தில், விவசாயத்தோடு சேர்த்துப் பாதுகாப்பது எப்படி என்பதில் அவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் வெற்றியும் தோல்வியும் எழுத்தில் இருக்கின்றன. நம் கண்மாய்களுக்கு அது தேவைப்படும்.

அங்கேயே வேலை என்றால் இன்னொரு கணக்கு. ஜெர்மனியில் படித்து முடித்தபின் 18 மாதம் வேலை தேட அனுமதி உண்டு. ஆனால் சூழலியல் ஆலோசனை நிறுவனங்கள் அறிக்கையை ஜெர்மனில் எழுதும், அந்த மொழியில் பி2 நிலை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உள்ளூர்ப் புல், வௌவால், தவளை இனங்களை அடையாளம் காணத் தெரிய வேண்டும். இதை முதல் நாளிலிருந்து தொடங்கியவருக்கு மட்டுமே வேலை கிடைக்கிறது. ஆங்கிலப் படிப்பு என்று நிம்மதியாக இரண்டு வருஷத்தை ஓட்டியவர்கள் கடைசியில் கிடங்கு வேலையில் நிற்கிறார்கள்.

கண்மாய்க்கரை, 12 ஜனவரி 2025

நாடு மாறும் விஷயம் கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி போட்டிருந்தார்கள், இங்கேயே எழுதுகிறேன். எராஸ்மஸ் முண்டுஸில் குறைந்தது இரண்டு நாட்டில் படிக்க வேண்டும். 2016/801 என்ற ஐரோப்பிய ஆணைப்படி, ஒரு உறுப்பு நாட்டின் மாணவர் அனுமதி இருந்தால், இப்படிப்பட்ட கூட்டுப் படிப்பில் இன்னொரு உறுப்பு நாட்டில் 360 நாள் வரை இருக்கலாம். அந்த நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியிருக்கும். டென்மார்க், அயர்லாந்து இரண்டும் இந்த ஆணையில் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. இந்த மூன்றில் ஒன்று உங்கள் பாதையில் வந்தால் தனி விசா, தனிச் செலவு, இரண்டு செமஸ்டருக்கு நடுவில். அதற்கேற்ப பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வந்தால் சோர்ந்து வேறு எதிலும் சேர்ந்துவிட வேண்டாம். நான்கைந்து இடங்களில் தேர்வானவர் ஒன்றைத்தான் எடுப்பார், மீதி இடங்கள் கீழே இறங்கும். ஜூன் வரைகூட அழைப்பு வரும்.

வெள்ளாறு, 2 பிப்ரவரி 2025

மூன்று எராஸ்மஸ், ஒரு ஜெர்மனி போட்டுவிட்டேன். ஆய்வேட்டு யோசனையை ஆனைமலையிலிருந்து புதுக்கோட்டைக் கண்மாய்களுக்கு மாற்றிவிட்டேன். தடுப்பூசி ஏதாவது வேண்டுமா?

கண்மாய்க்கரை, 2 பிப்ரவரி 2025

பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் பக்கம் களப்பயிற்சி என்றால் உண்ணி வழியாகப் பரவும் மூளையழற்சிக்கு ஊசி போடுங்கள். மூன்று தவணை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் 1 முதல் 3 மாதம், மூன்றாவது அதற்கு 5 முதல் 12 மாதம் கழித்து. அக்டோபரில் போய் இறங்கியதும் முதல் ஊசி போட்டால் ஏப்ரல் களப்பயிற்சிக்குள் இரண்டு முடிந்துவிடும். லைம் நோய்க்கு ஊசி கிடையாது. மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பைச் சோதித்து, உண்ணி இருந்தால் தோலோடு ஒட்டி இடுக்கியால் நேராக இழுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள்.

புதுக்கோட்டை என்றால் மண்டலம் 44.

கண்மாய்க்கரை, 3 பிப்ரவரி 2025

கண்மாய் ஆய்வுக்கு ஒரு சின்னச் சேர்க்கை: நீர்மட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மடைக்கல்லில் அளந்து எழுதுங்கள். பறவை எண்ணிக்கையின் ஏற்றஇறக்கத்தில் பெரும்பங்கை அந்த ஒரு மாறியே விளக்கிவிடும். அதை எடுக்காமல் வந்தால் பின்னால் செயற்கைக்கோள் படத்தில் தேட வேண்டும். நீர் பரப்பு அதில் தெரியும், ஆழம் தெரியாது. நாரைக்கும் வாத்துக்கும் உள்ள வித்தியாசமே ஆழத்தில்தான்.